மண்ணைத் திரையில் எழுதியவர்

நுழையும்முன்

திரையில் ஓர் அடி விழுகிறது. அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அடித்தவன் வென்றான், அடிபட்டவன் வீழ்ந்தான், கதை முடிந்தது. ஆனால், அந்த அடிக்குப் பிறகு ஊர் என்ன ஆயிற்று, அடித்தவனுக்காகக் காத்திருந்தவர் யார் என்று கேட்ட இயக்குநர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் தேனி மண்ணில் பிறந்தார். தமிழ்த் திரைப்படத்தைப் படப்பிடிப்புத் தளங்களின் சுவர்களுக்கு வெளியே அழைத்துவந்த பாரதிராஜாவின் கலைவாழ்வை இப்பாடத்தில் காண்போம்.

பள்ளத்தாக்கின் பிள்ளை

மேற்கிலும் தெற்கிலும் மலைகள் அரண்செய்ய, முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் விரிந்துகிடக்கும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு. அதன் வாயிலில் அமைந்தது தேனி. இன்று தேனி நகராட்சியின் பெயரிலேயே இணைந்துவிட்ட அல்லிநகரத்தில், சின்னச்சாமி என்னும் இயற்பெயருடன் பிறந்தவரே பின்னாளில் பாரதிராஜா ஆனார்.

இளமையில் அவர் அரசின் சுகாதாரத் துறையில் பணியாற்றினார். ஊர்களுக்குள் சென்று மக்களைச் சந்திக்க வேண்டிய பணி அது. திண்ணை, தொழுவம், கிணற்றடி, அடுப்படி என, வெளியாள் எளிதில் காணாத இடங்களையும் காணும் வாய்ப்பு அத்தகைய பணியில் உண்டு. அவருடைய படங்களில் வரும் வீடுகள், யாரோ உண்மையிலேயே குடியிருக்கும் வீடுகளைப் போலத் தோன்றுவதற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

அக்காலத்திலேயே அவர் நாடகங்களை எழுதி நடித்தார். பண்ணைப்புரத்தைச் சேர்ந்த இளையராஜா உடன்பிறந்தாரின் நட்பு அவருக்கு வாய்த்தது. அல்லிநகரத்தின் நாடகமும் பண்ணைப்புரத்தின் இசையும் சிற்றூர் மேடைகளில் முதலில் சந்தித்தன. வெள்ளித்திரையில் மீண்டும் சந்திக்கப் பல ஆண்டுகள் ஆயின. சென்னைக்கு வந்த பாரதிராஜா, கன்னடத் திரையுலகின் புகழ்பெற்ற இயக்குநர் புட்டண்ணா கனகால் உள்ளிட்ட பலரிடம் உதவி இயக்குநராகப் பணியாற்றித் தொழில் கற்றார். பெண்களின் அகவுலகை மையமாக வைத்துக் கதை சொன்னவர் புட்டண்ணா. அவருடைய மாணவரின் முதல் படமும் ஒரு பெண்ணின் கதையாகவே அமைந்தது.

தெரிந்து தெளிவோம்

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து 1996ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து கொண்டுவரப்பட்ட நீர், கம்பம் பள்ளத்தாக்கை இருபோக நெல் விளையும் பூமியாக்கியது. வைகை அணை கட்டப்பட்டபோது ஊரை இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் ஒன்றில் பிறந்தவர் கவிஞர் வைரமுத்து. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ (1980) படத்தின் வழியாகவே அவர் திரைப்பாடலாசிரியராக அறிமுகமானார். இயக்கம், இசை, பாட்டு ஆகிய மூன்றிலும் தமிழ்த் திரையின் போக்கை மாற்றிய மூவரும் ஒரே மாவட்டத்து மண்ணில் வேர்கொண்டவர்கள்.

‘பதினாறு வயதினிலே’

‘மயில்’ என்னும் பெயரில் ஒரு திரைக்கதையை எழுதிய பாரதிராஜா, திரைப்பட நிதிக் கழகத்தின் உதவியோடு அதனைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுக்க எண்ணினார். அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் எஸ்.ஏ. ராஜ்கண்ணு என்னும் தயாரிப்பாளர் முன்வந்தார். அக்கதையே ‘பதினாறு வயதினிலே’ என்னும் வண்ணப்படமாகி, 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் வெளிவந்தது.

அதற்கு முன்னரும் தமிழ்த் திரையில் கிராமங்கள் இருந்தன. இளையராஜாவை அறிமுகப்படுத்திய ‘அன்னக்கிளி’ (1976) கிராமத்துக் கதைதான். எனவே, கிராமத்தை முதலில் படம்பிடித்தவர் பாரதிராஜா என்று சொல்வது பொருந்தாது. அவர் செய்தது வேறு. நகரத்திலிருந்து வந்த ஒருவர் வியந்து பார்க்கும் காட்சிப்பொருளாக இருந்த கிராமத்தை, அங்கேயே வாழ்பவரின் கண்ணால் அவர் காட்டினார். அவருடைய கிராமத்தில் வெகுளித்தனம் மட்டும் இல்லை. புறணி உண்டு, பொறாமை உண்டு, எளியவரைச் சீண்டி மகிழும் கொடுமையும் உண்டு.

பத்தாம் வகுப்பு முடித்து ஆசிரியராக விரும்பும் மயில் (ஸ்ரீதேவி), நகரத்திலிருந்து வரும் கால்நடை மருத்துவரை நம்பி ஏமாறுகிறாள். அவளுடைய வீட்டில் எடுபிடி வேலை செய்பவன் சப்பாணி (கமல்ஹாசன்). ஊரை மிரட்டித் திரிபவன் பரட்டை (ரஜினிகாந்த்). அழகிய இளைஞராகக் காதற்படங்களில் நடித்துவந்த கமல்ஹாசனை, ஊரார் ஏளனம் செய்யும் ஒருவனாக மாற்றிய துணிவு அன்று பெரிதாகப் பேசப்பட்டது. பி.எஸ். நிவாஸின் ஒளிப்பதிவு வெயிலை வெயிலாகவே காட்டியது. மயில் மெல்ல மிதப்பதுபோல ஓடிவரும் காட்சிக்கு உரிய விரைவுக் கேமரா வாங்க வசதி இல்லாததால், ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச்செய்து படமாக்கினர் என்று திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. இப்படத்தில் பாடியமைக்காக எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. தமிழகமே தன் ஊராகக் கருதிய அந்தக் கிராமம் தேனியில் படமாக்கப்படவில்லை. பெரும்பகுதிப் படப்பிடிப்பு கர்நாடக மாநிலத்தின் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் நடைபெற்றது. ஆயினும் படம் பார்த்தவர் எவரும் அதனைக் கன்னட நாட்டு ஊராக எண்ணவில்லை. ஓர் ஊரை ஊராக்குவது அங்குள்ள மரமும் மண்ணும் மட்டுமல்ல என்பது இதனால் விளங்கும். பேச்சின் இழுவை, தாய் மகளைத் திட்டும் முறை, வேலையற்றோர் கூடியிருக்கும் பாங்கு, ஒரு பெண் தெருவில் நடந்தால் அவளைத் தொடரும் பார்வைகள் ஆகியனவே ஓர் ஊர். அவற்றை இயக்குநர் தம் நினைவிலிருந்து எடுத்துச் சென்றார். கொள்ளேகாலில் கொண்டுபோய் நட்டார்.

முகமும் மொழியும்

செதுக்கிய செந்தமிழையோ சென்னைப் பேச்சையோ பேசிவந்த திரைமாந்தர், தென்மாவட்ட வட்டார வழக்கைத் தயக்கமின்றிப் பேசத் தொடங்கினர். இன்று இது எளிய செய்தியாகத் தோன்றலாம். தம் ஊர்ப்பேச்சை நகரத்தார் நகைப்பர் என அஞ்சி வாய்மூடி இருந்த ஒருவர், அதே பேச்சை ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கில் கேட்டபோது அடைந்த நிமிர்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முகங்களும் மாறின. ஒப்பனை குறைந்தது. கருமை நிறத்தவரும் மூப்புற்றவரும் உழைத்துக் களைத்தவரும் அண்மைக் காட்சிகளில் திரையை நிறைத்தனர். புதியவர்களைத் தேடிப்பிடித்து நடிக்கவைப்பது பாரதிராஜாவின் வழக்கமாயிற்று. ராதிகா, ராதா, ரேவதி, ரேகா, ரஞ்சிதா எனத் தமிழில் அவரால் அறிமுகம் பெற்ற நாயகியர் பலரின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்குவதைத் திரை ஆர்வலர்கள் இன்றும் வேடிக்கையாகக் குறிப்பிடுவர். கார்த்திக், பாண்டியன் ஆகியோரும் அவருடைய கண்டெடுப்புகளே.

புதியவரைப் பழகிய முகமாக்கியதைப் போலவே, பழகிய முகத்தைப் புதிதாக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது. ‘முதல் மரியாதை’ (1985) அதற்குச் சான்று. முழங்கும் உரையாடலுக்கும் விரிந்த மெய்ப்பாட்டுக்கும் பெயர்பெற்ற சிவாஜி கணேசன், அப்படத்தில் குரலைத் தாழ்த்துகிறார். பல இடங்களில் பேசாமலேயே நிற்கிறார். ஊர்ப்பெரியவர் ஒருவருக்கும் பரிசல் ஓட்டிப் பிழைக்கும் பெண்ணுக்கும் இடையே மலரும், பெயரிட இயலாத அன்பே கதை. பாரதிராஜாவின் படைப்புகளுள் ஒன்றை மட்டுமே காண நேரமிருப்பவருக்கு இப்படத்தைப் பரிந்துரைக்கலாம். சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதை இது பெற்றது.

காட்சியால் கதை சொல்வதில் அவருக்கு இருந்த நாட்டத்திற்கு ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) எடுத்துக்காட்டு. பிரிந்த காதலர்க்கு அஞ்சலும் இல்லை, தூதும் இல்லை. நாள்தோறும் ஊரைக் கடந்துசெல்லும் ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் செய்தி எழுதி அனுப்புகிறான். சங்கப் பாடல்களில் பறவை தாங்கிய பணியை இங்கே இரும்புப் பெட்டி தாங்குகிறது.

அடியும் அதன் விலையும்

பாரதிராஜாவைக் கிராமப்பட இயக்குநர் என்று மட்டும் சுருக்கிவிடும் பழக்கம் உண்டு. அது முழு உண்மையன்று. ‘கிழக்கே போகும் ரயில்’ வெளிவந்த அதே 1978இல்தான், நகரத்து மாளிகையொன்றில் நிகழும் ‘சிகப்பு ரோஜாக்கள்’ என்னும் உளவியல் திகில்படமும் வெளிவந்தது. ‘முதல் மரியாதை’ வெளிவந்த 1985இல், பழிவாங்கும் அதிரடிப் படமான ‘ஒரு கைதியின் டைரி’யும் வெளிவந்தது. சிறையிலிருந்து மீளும் தந்தை ஒருபுறம், காவல் அதிகாரியான மகன் மறுபுறம் என இரு வேடங்களிலும் கமல்ஹாசன் நடித்த அப்படம், அமிதாப் பச்சன் நடிப்பில் ‘ஆக்ரி ராஸ்தா’ (1986) என்னும் பெயரில் இந்தியிலும் உருவாயிற்று. ரஜினிகாந்த் நடித்த ‘கொடி பறக்குது’ (1988) முழுமையான அதிரடிப் படம். ஆயினும், கிராமப் படங்கள் மக்கள் மனத்தில் பெற்ற இடத்தை அது பெறவில்லை.

அவருடைய வன்முறைக் காட்சிகளைப் புரிந்துகொள்ள, அதிரடிப் படங்களைவிடக் கிராமப் படங்களே துணைசெய்யும். ‘பதினாறு வயதினிலே’ படத்தில் சப்பாணி என்பது ஊர் சூட்டிய இழிபெயர். அவனுடைய உண்மைப் பெயர் கோபாலகிருஷ்ணன். இழிபெயரால் அழைப்பவரை அறைந்துவிடுமாறு மயில் அவனுக்குச் சொல்லித் தருகிறாள். அவனும் அறைகிறான். பறந்து பாய்தல் இல்லை. பத்துப் பேரை வீழ்த்துதல் இல்லை. ஒரே ஓர் அறை. ஒரு மனிதன் தன் பெயரைத் திரும்பப் பெறும் கணம் அது. தமிழ்த் திரையின் மிகச் சிறிய சண்டைக்காட்சி இதுவாக இருக்கலாம். ஆனால், மிகப் பெரிய சண்டைக்காட்சிகள் பல இதனளவுக்கு நெஞ்சில் தங்கவில்லை.

அதே படத்தின் இறுதியில் இன்னொரு வன்செயல் நிகழ்கிறது. மயிலைக் காக்கப் பரட்டையைச் சப்பாணி கொன்றுவிடுகிறான். வழக்கமான கதையில் தீயவன் வீழ்ந்ததும் மங்கல இசை ஒலிக்கும். இங்கே சப்பாணி சிறை செல்கிறான். மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். படம் தொடங்குவதும் அந்தக் காத்திருப்பில்தான், முடிவதும் அதில்தான். அவன் வந்தானா என்பது சொல்லப்படவில்லை. தீயவனைத் தண்டித்த கைக்கும் தண்டனை உண்டு என்றும், அதில் பெரும்பங்கைக் காத்திருப்பவளே சுமக்கிறாள் என்றும் அந்த ரயில் நிலையம் உணர்த்துகிறது. ‘முதல் மரியாதை’யிலும் பரிசல்காரப் பெண் தான் மதிக்கும் மனிதரின் மானம் காக்க ஒரு கொலை செய்துவிட்டுச் சிறை செல்கிறாள். ‘கிழக்குச் சீமையிலே’ (1993) படத்தில் மைத்துனர்களின் வீம்பு மோதும்போது நசுங்குபவள் இருவருக்கும் நடுவில் நிற்கும் தங்கை. பாரதிராஜாவின் படங்களில் கை ஓங்குவது பெரும்பாலும் ஆண். விலை கொடுப்பது பெரும்பாலும் பெண்.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்க வேண்டும்? அவர் திறந்த வாயில் வழியாகப் பின்னாளில் பலர் தென்மாவட்டங்களுக்குக் கேமராவோடு வந்தனர். சிறந்த படங்களும் பிறந்தன. ஆயினும், மதுரை, தேனி மக்கள் என்றாலே அரிவாளும் மீசையும் பகையும்தான் என்னும் வாய்பாடும் அவற்றோடு வளர்ந்தது. ஊரின் பேச்சும் வெயிலும் அப்படியே இருந்தன. காத்திருக்கும் ரயில் நிலையம் மட்டும் பல படங்களில் காணாமற்போயிற்று. வயலுக்கு நீர் பாய்ச்சுபவரும் ஏலக்காய்த் தோட்டத்திற்கு மலையேறிச் செல்பவரும் வாழும் மாவட்டத்தைப் பார்க்காதவர்கள், அதனைத் திரையில் கண்ட அரிவாளால் அளக்கத் தொடங்கினர். இதற்குப் பாரதிராஜாவை மட்டும் பொறுப்பாக்குவது நேர்மையன்று; அவருடைய படங்களுக்கு இதில் பங்கே இல்லை என்பதும் சரியன்று. வீரத்தையும் குலப்பெருமையையும் அழகுறக் காட்டும் காட்சிகள் அவரிடமும் உண்டு. சில இடங்களில் கேமரா அந்தப் பெருமையில் மயங்கி நிற்பதையும் காணலாம்.

ஊரைக் கேள்வி கேட்டவர்

தம் ஊரை நேசித்தவர் அதனை வினவவும் தயங்கவில்லை. ‘வேதம் புதிது’ (1987) படத்தில், ஊரே மதிக்கும் பெரியவர் ஒருவரிடம், அவர் பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப்பெயர் அவர் படித்து வாங்கிய பட்டமா என்று ஒரு சிறுவன் கேட்கிறான். கன்னத்தில் அறை விழும் ஒலி எழுகிறது. அடித்த கை எதுவும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் சப்பாணி பிறரை அறைந்தான். இங்கே ஒரு கேள்வி, கேட்கப்பட்டவரையே அறைகிறது. தம் பகுதியின் பெருமிதத்தைத் தம் பகுதி மக்களின் முன்னிலையிலேயே இவ்வாறு நிறுத்திக் கேட்டதற்குத் துணிவு வேண்டும். சமூகச் சிக்கல்களைப் பேசும் சிறந்த படத்திற்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

‘கருத்தம்மா’ (1994) பெண் சிசுக்கொலையைப் பேசியது. அன்று தென்மாவட்டங்கள் சிலவற்றில் அது கதையன்று, நடைமுறை. பிறந்த பெண்குழந்தையைக் கொன்றுவிடத் தந்தை முடிவுசெய்கிறான். பள்ளி ஆசிரியர் ஒருவர் அக்குழந்தையைக் காப்பாற்றி வளர்க்கிறார். அவளே மருத்துவராகி அதே ஊருக்கு வருகிறாள். வேண்டாம் என்று ஒதுக்கிய தந்தைக்கே அவளுடைய கைகள் தேவைப்படுகின்றன. மேடைப்பேச்சாக முடிந்திருக்கக்கூடிய கருத்தை, ஊசி பிடிக்கும் ஒரு கையைக் கொண்டு இயக்குநர் உணர்த்திவிட்டார்.

தேசிய விருதுகள் பின்னரும் தொடர்ந்தன. ‘அந்திமந்தாரை’ (1996) சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வுபெற்றது. ‘கடல் பூக்கள்’ (2001) சிறந்த திரைக்கதைக்கான விருதை அவருக்குத் தந்தது. 2004இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பட்டறையும் பரம்பரையும்

திரைப்படக் கல்லூரியில் பயிலாத பாரதிராஜாவின் படப்பிடிப்புத் தளமே பலருக்குக் கல்லூரி ஆயிற்று. அவருடைய உதவியாளரான கே. பாக்யராஜை ‘புதிய வார்ப்புகள்’ (1979) படத்தில் அவரே நாயகனாக்கினார். ‘நிழல்கள்’ படத்திற்குக் கதை எழுதிய மணிவண்ணன், ‘நூறாவது நாள்’ (1984) போன்ற விறுவிறுப்பான படங்களை இயக்கி, தமக்கென ஒரு மாணவர் வரிசையையும் உருவாக்கினார். பாக்யராஜிடம் பயின்றவர் பார்த்திபன். மணிவண்ணனிடம் பயின்றவர் சுந்தர்.சி. குடும்பக்கதை, நகைச்சுவை, அதிரடி என இவர்கள் சென்ற வழிகள் வெவ்வேறு. மாணவரைத் தம் நகலாக்காத ஆசிரியருக்கே இத்தகைய பரம்பரை வாய்க்கும்.

படத்தின் தொடக்கத்தில், ‘என் இனிய தமிழ் மக்களே’ எனக் கரகரத்த குரலில் விளித்து, கதையை அறிமுகம் செய்வது பாரதிராஜாவின் தனி அடையாளம். கூத்தில் கட்டியங்காரன் அவையோரை வணங்கிக் கதையைத் தொடங்கிவைக்கும் மரபை அது நினைவூட்டுகிறது.

பிற்காலத்தில் அவர் நடிகராகவும் வலம்வந்தார். ‘பாண்டிய நாடு’ (2013) என்னும் மதுரைப் பின்னணி கொண்ட அதிரடிப் படத்தில், மூத்த மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த முதிய தந்தையாக நடித்தார். பழிவாங்கத் துடிக்கும் அந்தத் தந்தைக்கு அடிக்கும் வலுவும் இல்லை, ஆள் பிடிக்கும் பழக்கமும் இல்லை. அச்சமும் துயரமும் ஒருசேரத் தெரியும் முகத்தோடு, கூலிக்குக் கொல்பவரைத் தேடி அவர் அலைகிறார். பிறரை நடிக்கவைத்து அவர் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்த கதையை, அப்படத்தில் அவருடைய முகமே சொன்னது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் ஒரு தெருவையோ சந்தையையோ பேருந்து நிறுத்தத்தையோ அரைமணி நேரம் உற்றுநோக்குக. அங்குக் கேட்ட பேச்சை, வட்டார வழக்கு மாறாமல், ஒரு பக்கத் திரைக்காட்சியாக எழுதுக.

நீங்கள் அண்மையில் கண்ட படமொன்றின் சண்டைக்காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பிறகு அடித்தவர், அடிபட்டவர், அவ்விருவரின் குடும்பத்தினர் ஆகியோருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படம் காட்டுகிறதா எனக் குழுவில் கலந்துரையாடுக.

‘தென்மாவட்ட மக்களைத் திரைப்படங்கள் உள்ளவாறு காட்டுகின்றனவா?’ என்னும் பொருளில், இருதரப்புக் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.